காட்டில் இல்லாத செடிக்குப் பரவல் வரைபடம்: பிரக்மான்சியாவோடு பட்ட பாடு

ஒரு செடி உலகில் எங்கெங்கே வளர்கிறது என்று வரைபடம் போடுவது இன்று பெரிய வித்தை இல்லை. தரவு இலவசமாகக் கிடைக்கிறது, மென்பொருளும் இலவசம். இறக்கி, ஏற்றி, புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தால் ஏதோ ஒரு படம் வந்துவிடும். பிரக்மான்சியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ‘ஏதோ ஒரு படம்’ இதற்குப் போதாது என்பதுதான். புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை, கண்டம் கண்டமாகக் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் எந்த ஒரு புள்ளியின் மேலும் விரலை வைத்து, இது இந்தச் செடியின் இயற்கையான இருப்பிடம் என்று சொல்ல முடியாது.

செடியைப் பார்த்திருப்பீர்கள். மலைப்பாங்கான ஊர்களில் வேலியோரமாக, ஆள் உயரத்துக்கும் மேலே புதராக நின்று, நீளமான எக்காளப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கும். மாலையானால் வாசனை தூக்கும். கத்தரிக் குடும்பம், ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், இதன் பூ தொங்கும். ஊமத்தைக் காய் பெரும்பாலும் முள்ளோடு இருக்கும், முற்றினால் வெடிக்கும். இதன் காயில் முள் கிடையாது, தானாக வெடிக்கவும் செய்யாது. ஊமத்தை சில பருவங்களில் முடிந்துவிடும், இது கட்டைத்தண்டோடு வருடக்கணக்கில் நிற்கும்.

இந்தப் பேரினத்தில் ஏழு இனங்கள். ஏழும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஏழையும் ‘இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனவை’ என்று, அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயுசிஎன் அமைப்பின் செம்பட்டியல் 2014-இல் வகைப்படுத்தியது. அதாவது தோட்டத்தில் உண்டு, வேலியில் உண்டு, தோட்டத்திலிருந்து தப்பி ஓடிய செடிகளாக ஓடைக்கரையிலும் உண்டு. மனிதக் கை படாத ஒரு காட்டுக் கூட்டம் இருக்கிறதென்று மட்டும் எவரும் உறுதிசெய்யவில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்குப் பரவல் வரைபடம் என்றால் என்ன வரைவது? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன வேலைதான் இது.

தரவை இறக்குவது

முதல் இடம் ஜிபிஐஎஃப், உலகின் உயிரினப் பதிவுகளை இலவசமாகத் தரும் தரவுத்தளம். 2001-இல் தொடங்கியது, செயலகம் கோபன்ஹேகனில். உலகம் முழுவதும் உள்ள ஹெர்பேரியங்களில் செடியை அழுத்தி உலர்த்தி, குறிப்போடு ஒட்டிவைத்த தாள்களும், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பொதுமக்கள் போடும் படங்களும் ஒரே வடிவத்துக்கு மாற்றப்பட்டு அங்கே சேர்கின்றன. கணக்கு ஒன்று திறந்தால் போதும், மொத்தமாக இறக்கலாம். இறக்கிய தொகுப்புக்கு என்றே நிரந்தர அடையாள எண்ணும் தருவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது, தரவு நாளுக்கு நாள் மாறும்.

தேடும்போது பெயரைத் தட்டெழுதித் தேடாமல், பேரினத்தின் வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேட வேண்டும். காரணம் பழைய கதை. லின்னேயஸ் 1753-இல் இந்தக் கூட்டத்தில் ஒன்றை ஊமத்தைப் பேரினத்திலேயே டட்டூரா ஆர்போரியா என்று சேர்த்தார். 1805-இல் பெர்சூன் என்ற தாவரவியலாளர் பிரித்தெடுத்து, லைடன் பேராசிரியர் பிரக்மான்ஸின் பெயரில் தனிப் பேரினமாக்கினார். அப்புறமும் பலர் அதை ஊமத்தையோடேயே வைத்திருந்தார்கள். 1973-இல் டாமி லாக்வுட் என்ற தாவரவியலாளர் ஆதாரங்களை அடுக்கி மறுபடி பிரித்த பிறகுதான் விவகாரம் அடங்கியது. ஆக, நூறாண்டுப் பழைய ஹெர்பேரியத் தாள் ஒன்றில் டட்டூரா என்றுதான் எழுதியிருக்கும். வகைப்பாட்டு எண் அந்தப் பழைய பெயர்களையும் சேர்த்து இழுத்து வரும்.

கோப்பு சிஎஸ்வி என்ற பெயரில் வருகிறது, உள்ளே பார்த்தால் காற்புள்ளிக்குப் பதில் டேப். எக்ஸெல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அட்சரேகை எண்ணைத் தேதியாக மாற்றி வைக்கும் குணம் அதற்கு உண்டு. நேரே கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ‘பிரிக்கப்பட்ட உரை அடுக்கு’ வழியாக ஏற்றி, பிரிப்பான் டேப் என்று சொல்லுங்கள். மேற்கோள் குறிக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். தாள்களில் எழுதிய குறிப்புகளுக்குள் ஒற்றையாக ஒரு மேற்கோள் குறி இருந்தால் போதும், மென்பொருள் அடுத்த குறி வரும் வரை எத்தனை வரிகள் இருந்தாலும் ஒரே வரியாக விழுங்கிவிடும். புள்ளிகள் குறைந்தது தெரியவே தெரியாது.

குப்பை பொறுக்குவது

முதல் படத்தில் கினியா வளைகுடாவின் நடுக்கடலில் ஒரு புள்ளி நின்றால் அது பூஜ்யம்-பூஜ்யம், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமான இடம். இடம் தெரியாதவர்கள் கட்டத்தில் பூஜ்யம் போட்டதன் விளைவு. நாட்டின் சரியான நடுவில், தலைநகரின் மையத்தில், மாநிலத்தின் மையத்தில் குவியும் புள்ளிகளும் அப்படியே. தாளில் நாட்டின் பெயர் மட்டும் இருந்திருக்கும், கணினியில் ஏற்றியவர் நடுப்புள்ளியைக் கொடுத்திருப்பார். ஆர் என்ற நிரல்மொழியில் கோஆர்டினேட்கிளீனர் என்ற தொகுப்பு இதையெல்லாம் வரிசையாகச் சோதிக்கிறது. கடல், பூஜ்யம், தலைநகர், நடுப்புள்ளி, தாவரவியல் நிறுவனங்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஜிபிஐஎஃப் செயலகத்தின் வாசலிலேயே விழும் புள்ளிகளைப் பிடிக்கவும் தனிச் சோதனை உண்டு, நம்புங்கள்.

அது எளிதாகப் பிடிக்காதது கழித்தல் குறி தொலைந்த புள்ளிகள். தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடுதான் எழுதுவார்கள். பிரேசிலின் தென்கிழக்குக் கரை, தெற்கே 23 பாகை, மேற்கே 45 பாகை வாக்கில் இருக்கிறது. அட்சரேகையின் கழித்தல் குறி போனால் புள்ளி அட்லாண்டிக் நடுவில் விழும், கண்ணில் பட்டுவிடும். தீர்க்கரேகையின் கழித்தல் குறி போனால் தெற்கு மடகாஸ்கரில் போய் உட்காரும். அங்கேயும் நிலம், அங்கேயும் வெப்பமண்டலம், பார்த்தால் நியாயமான புள்ளிபோலவே இருக்கும். நாட்டுப் பெயரோடு ஒப்பிட்டால்தான் மாட்டும்.

ஈக்வடார் இன்னும் மோசம். நிலநடுக்கோடு அந்த நாட்டின் ஊடாகவே போகிறது. தெற்கே 1 பாகை என்பது வடக்கே 1 பாகையாகிவிட்டால் பல நேரம் அதே நாட்டுக்குள்ளேயே இன்னொரு மாகாணத்தில் விழும். நாட்டுச் சோதனையில் தேறிவிடும். இதற்கு மாகாண எல்லைக் கோப்பு ஒன்றை ஏற்றி, ‘இருப்பிடத்தின்படி இணை’ கருவியால் ஒவ்வொரு புள்ளியும் விழும் மாகாணத்தை எடுத்து, தாளில் எழுதிய மாகாணத்தோடு பொருத்திப் பார்த்தேன். வேறு எந்த இடத்திலும் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. பிரக்மான்சியாவுக்கோ ஈக்வடார்தான் மையப்புள்ளி. அதைச் சரியாகச் செய்யாமல் மற்றதில் மெனக்கெடுவதில் பொருளில்லை.

தாவரவியல் நிறுவனச் சோதனையை மட்டும் ஓட்டிவிட்டு அழிக்காமல் வைத்தேன். காட்டுச் செடிகளைப் படமாக்குகிறவர்கள் பூங்காவில் விழும் புள்ளிகளைத் தயங்காமல் அழிப்பார்கள், அது முறையும் கூட. இங்கே எல்லாமே ஏதோ ஒரு வகையில் தோட்டம்தான். அழிக்க ஆரம்பித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அழிப்பதற்குப் பதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘எப்படி அங்கே வந்தது’ என்று ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தேன்: நட்டது, தப்பியது, சொல்ல முடியாதது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு நெடுவரிசைதான்.

தாளைப் படிப்பது, படத்தைப் படிப்பது

ஜிபிஐஎஃப் வடிவத்திலேயே இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, பூர்வீகமா வந்தேறியா என்று சொல்ல. பெரும்பாலான வரிகளில் அது காலி. விஷயம் இருப்பது தாளின் ஒட்டுச்சீட்டில். கொலம்பியா, ஈக்வடார், பெரு தாள்களில் ஸ்பானிய மொழியில் நாலைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: பயிரிட்டது, வீட்டருகே, உயிர்வேலி, சாலையோரம். இந்தச் சொற்களை வாழிடக் குறிப்பு உள்ள நெடுவரிசையில் தேடி வடிகட்டினால் முதல் சுற்று முடிந்துவிடும். மீதிக்கு ஹெர்பேரியத் தாளின் படத்தைத் திறந்து கையெழுத்தைப் படிக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் ரசமான வேலை. ஆண்டிஸ் கிராமங்களில் இந்தச் செடி எவ்வளவு சாதாரணமாக வீட்டைச் சுற்றி நிற்கிறது என்பது வரைபடத்தில் தெரியாது, இந்த ஒட்டுச்சீட்டுகளில்தான் தெரியும்.

ஐநேச்சுரலிஸ்ட் படங்களின் சிக்கல் வேறு. அங்கே ‘வளர்க்கப்பட்டது’ என்று குறித்த பதிவுகள் ஆய்வுத் தரம் பெறாது, ஜிபிஐஎஃப்-க்கும் போகாது. ஆக அங்கிருந்து வருவதெல்லாம் தானாக வளர்ந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது கொள்கை. நடைமுறையில், நடைபாதையில் நடந்துபோகிறவர் மதில் மேல் தொங்கும் பூவைப் படமெடுப்பார், அந்தக் கட்டத்தைத் தொடாமலே பதிவேற்றுவார். செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்துப் புள்ளியைப் பார்த்தால் அது ஒரு வீட்டுக் கொல்லை. இப்படிப்பட்டவற்றை ‘நட்டது’ பக்கம் தள்ளினேன். நகர எல்லைக்குள் விழும் எதையும், எதிர்ச் சான்று இல்லாவிட்டால், நட்டது என்றே கொண்டேன். கடுமையான விதிதான். ஆனால் தளர்த்தினால் படம் பிரக்மான்சியாவைக் காட்டாது, கைபேசி வைத்திருப்பவர்களைக் காட்டும். ‘வெப்ப வரைபடம்’ என்ற அலங்காரத்தை நான் பயன்படுத்தாததற்கும் அதுவே காரணம். அழகாக ஒளிரும், ஒன்றும் சொல்லாது.

அடுத்தது எந்த இனம் என்பது. தோட்டக்கலை உலகில் ‘ஆர்போரியா’ என்ற பெயரை எதற்கும் ஒட்டுவார்கள். தென் அமெரிக்காவுக்கு வெளியே எடுத்த வெள்ளைப் பூவுக்கு அந்தப் பெயர் இருந்தால், பெரும்பாலும் அது சுவேவியோலென்ஸ் என்ற இனமாகவோ, ஆரியா, வெர்சிகலர் என்ற இரண்டு இனங்களும் சேர்ந்த கேண்டிடா கலப்பினமாகவோ இருக்கும். உண்மையான ஆர்போரியாவின் பூ இந்தக் கூட்டத்தில் மிகச் சிறியது.

பிரித்தறியப் பூவின் வாயைப் பார்க்காமல் காம்புப் பக்கம் பார்க்க வேண்டும். சுவேவியோலென்ஸில் புல்லிவட்டத்தின், அதாவது பூவின் அடியைச் சுற்றியுள்ள பச்சை உறையின், நுனி இரண்டிலிருந்து ஐந்து பற்களாகப் பிரிந்திருக்கும். வெர்சிகலரிலும் கேண்டிடாவிலும் ஒரு பக்கமாக மட்டும் நீளமாகக் கிழிந்து, பாளை விரிந்ததுபோல இருக்கும். வெர்சிகலர் பூ நேர் கீழாகத் தொங்கும், சுவேவியோலென்ஸ் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். சாங்குயினியா என்ற இனத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை: குழாய்போன்ற சிவப்பு, அடியில் பச்சையும் மஞ்சளும், வாசனை கிடையாது. ஆனால் மக்கள் படமெடுப்பது பூவின் வாயை. புல்லிவட்டம் தெரியாத படங்களைப் பேரின அளவிலேயே நிறுத்திவிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நேரில் பூவைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் கவனிக்க: செடி முழுக்க ஸ்கோபொலமைன், அட்ரோபின், ஹையோசயமைன் என்ற நச்சுப்பொருள்கள். சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் பாவை விரிந்து பார்வை மணிக்கணக்கில் மங்கும். கையுறை போடுங்கள், கழுவுங்கள். எந்தப் பாகத்தையும் வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

உயரம்

ஆண்டிஸ் மலையில் தட்டையான வரைபடம் ஏமாற்றும். கிடைமட்டமாக ஐந்து கிலோமீட்டர் நகர்ந்தால் செங்குத்தாக ஆயிரம் மீட்டர் ஏறிவிட முடிகிற இடம் அது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். ஆக, இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கிய ஆள்கூறு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், கிலோமீட்டர் கணக்கில் பிசகலாம், ஒரே இடத்துக்குச் சுருக்கியது பத்து கிலோமீட்டர் கணக்கில். நம் செடிக்கோ உயரம்தான் எல்லாமே.

செய்தது இது. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை, 30 மீட்டர் துல்லியத்தில், ஆண்டிஸ் முழுவதற்கும் இறக்கினேன். கியூஜிஐஎஸ்-இன் ‘ராஸ்டர் மதிப்பை எடு’ கருவியால் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எடுத்து, சேகரித்தவர் தாளில் எழுதிய உயரத்தோடு கழித்துப் பார்த்தேன். வித்தியாசம் 300 மீட்டருக்குள் இருந்தால் ஆள்கூறை நம்பலாம். அதைத் தாண்டினால் தாளின் உயரத்தை வைத்துக்கொண்டு ஆள்கூறைச் சந்தேகப் பட்டியலில் போட்டேன். பழைய சேகரிப்பாளர்கள் காற்றழுத்தக் கருவியால் அளந்த உயரம், பிற்காலத்தில் யாரோ ஊர்ப்பெயரை வைத்து ஊகித்த ஆள்கூறைவிட மேல்.

தட்பவெப்பத்துக்கு, உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வேர்ல்ட்கிளிம் 2.1 தரவு, 1970 முதல் 2000 வரையிலான சராசரி. ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆழமான பள்ளத்தாக்கில் அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே சிகரமும் ஆற்றங்கரையும் அடங்கிவிடும். அதனால் வெப்பநிலையை அப்படியே எடுக்காமல், ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற சராசரிக் கணக்கில் கட்டத்தின் உயரத்துக்கும் புள்ளியின் உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்திக்கொண்டேன். கரடுமுரடான திருத்தம்தான், ஆனால் திருத்தாததைவிடத் தேவலாம்.

இதைச் செய்து முடித்ததும் படம் இரண்டாகப் பிரிந்தது. சாங்குயினியா, ஆர்போரியா, வல்கனிகோலா மூன்றும் குளிர்ந்த மேட்டு நிலத்தில், முதல் இரண்டும் முக்கியமாக 2000 முதல் 3000 மீட்டர் வாக்கில். எரிமலைச் சரிவுகளில் நிற்கும் வல்கனிகோலா கொலம்பியா, ஈக்வடார் மலைகளில் அதற்கும் மேலே ஏறும். மறுபக்கம் வெர்சிகலர், குவாயாகில் வளைகுடாவை ஒட்டிய ஈக்வடாரின் சூடான தாழ்நிலத்தில். இன்சிக்னிஸ் ஆண்டிஸின் கிழக்கு அடிவாரத்தில், அமேசான் தலைப்பகுதியில். சுவேவியோலென்ஸ் இவை எல்லாவற்றையும் விட்டு விலகி, கண்டத்தின் மறுகரையில், தென்கிழக்குப் பிரேசிலின் கடலோர மழைக்காட்டு விளிம்புகளிலும் ஆற்றங்கரைகளிலும், 1000 மீட்டருக்குக் கீழே. ஆரியா மட்டும் கணக்கைக் கலைக்கும். அது வளர்வது மலைமேல், வெனிசுலாவிலிருந்து ஈக்வடார் வரை, உயரமும் சாங்குயினியாவின் உயரமே. இனக்கலப்பில் சேருவதோ தாழ்நிலக் கூட்டத்தோடு. குளிர்க் கூட்டத்துக்கும் வெப்பக் கூட்டத்துக்கும் கலப்பு நடப்பதில்லை. உயரத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் ஆரியா தவறான பெட்டியில் விழும். நிறக்குறியை உயரத்துக்குக் கொடுக்காமல் கூட்டத்துக்குக் கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தில் ஒரு பறவையின் பரவலையும் மேலே போட்டுப் பார்த்தேன். வாளலகு ரீங்காரச்சிட்டு என்று சொல்லலாம், அறிவியல் பெயர் என்சிஃபெரா. வால் நீங்கலாக உடலைவிட அலகு நீளமான பறவை, வெனிசுலா முதல் பொலிவியா வரை ஆண்டிஸில் இருக்கிறது. சாங்குயினியாவின் நீளக் குழாய்ப் பூவுக்குள் அலகை விட்டுத் தேன் எடுப்பது இதுதான். இரண்டு அடுக்குகளும் அழகாகப் பொருந்தின. பறவை இன்னும் பூவைத் தேடி வருகிறது, ஆக செடி அங்கே காட்டுச்செடிதான் என்று முடிவுகட்ட ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் பறவை அதே மலையிலுள்ள நீளக்குழாய்த் தாட்பூட்டுக் கொடிகளிலும் வாழ்கிறது. பூவுக்குப் பறவை இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பொருத்தத்திலிருந்து எதுவும் கிடைக்காது.

இல்லாமல் போனது விதையைக் கொண்டுபோகும் விலங்காக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கும் கருதுகோள். காய் வெடிப்பதில்லை, விதை தானாகச் சிதறுவதில்லை. அழிந்துபோன ஏதோ ஒரு பெரிய விலங்கு அந்த வேலையைச் செய்திருக்கலாம், அது போன பிறகு மனிதர்கள் கிளையை ஒடித்து நட்டு நட்டுக் காப்பாற்றி வந்திருக்கலாம். நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஒட்டுச்சீட்டுகளில் வீட்டருகே, உயிர்வேலி என்று மாறி மாறிப் படித்தவனுக்கு இந்தக் கருதுகோள் அநியாயமாகத் தோன்றாது.

தென் அமெரிக்காவுக்கு வெளியே

இங்கே வேலை விரைவாகப் போனது. லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன் தளம் ஒவ்வொரு இனத்துக்கும் பூர்வீக, வந்தேறிப் பகுதிகளைத் தனித்தனி நிறத்தில் காட்டுகிறது. உலகை 369 ‘தாவரவியல் நாடுகளாக’ப் பிரித்த எல்லைக் கோப்பை வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், அந்தக் கோப்பையும் இறக்கலாம். அதன் மேல் என் ‘தப்பியது’ புள்ளிகளைப் போட்டேன்.

வெளியே போய் ஆட்சி பிடித்திருப்பது பெரும்பாலும் சுவேவியோலென்ஸ், அதற்கடுத்து கேண்டிடா. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், ஹவாய், கிழக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா, நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையின் மலைநாடும். பிரேசிலில் 1000 மீட்டருக்குக் கீழே இருந்த செடி நீலகிரியில் அதைவிட நன்றாக மேலே ஏறி நிற்கிறது. இதில் முரண் ஏதும் இல்லை. அதற்கு வேண்டியது ஈரம், கடுமையில்லாத வெப்பம், உறைபனி அதிகம் படாத இடம். அட்சரேகை வேறானால் அந்த மூன்றும் கூடும் உயரமும் வேறாகும்.

தப்பிய புள்ளிகளின் இருப்பிடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் ஓடை, சாலை அடுக்குகளோடு வைத்துப் பார்த்தால் வழி புரிகிறது. சாலை வளைவுகள், ஓடைக்கரைகள், கைவிட்ட குடியிருப்பின் ஓரம். இந்த இனங்கள் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே செடியிலிருந்து ஒடித்து ஒடித்து நட்ட ஊரில் எல்லாச் செடியும் மரபணுவில் ஒன்றே, ஆக காய் பிடிப்பதே அரிது. பரவுவது தண்டால். வேலியைக் கழித்தவர் தழையை ஓடையோரம் கொட்டுகிறார், வெள்ளம் இழுத்துப் போகிறது, ஈர மணலில் துண்டு வேர் பிடிக்கிறது. ஓடையின் மேல்பக்கம் ஒரு வீடு இல்லாத புள்ளியைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றுக்கும் பழைய தோட்டத்தின் தடம் பக்கத்திலேயே இருந்தது.

குளிர்க் கூட்டத்தின் வெளியுலகப் பரவல் ஒல்லியானது. சாங்குயினியாவைச் சூடான சமவெளியில் காண முடியாது. கலிபோர்னியாவின் பனிமூட்டக் கடற்கரைபோன்ற, கோடையிலும் குளிர்ந்த இரவுகள் உள்ள இடங்களில் தோட்டச் செடியாக நிற்கிறது. வல்கனிகோலா அதுவும் இல்லை, சேகரிப்பாளர்களின் தோட்டங்களோடு சரி.

ஓட்டாமல் விட்ட கணிப்பு

இவ்வளவு சுத்தம் செய்த தரவு கையில் இருந்தால் அடுத்து எல்லோரும் செய்வது மேக்ஸென்ட் என்ற கணிப்பு மென்பொருளை ஓட்டுவது. இருக்கும் புள்ளிகளின் தட்பவெப்பத்தைக் கற்றுக்கொண்டு, இந்தச் செடி வாழத்தக்க இடங்கள் எவை என்று அது உலகம் முழுவதையும் நிறம் பூசிக் காட்டும். நான் ஓட்டவில்லை. அந்தக் கணிப்பின் அடிப்படை, செடி தன் சொந்த பலத்தில் பிழைத்திருக்கிற இடங்களே புள்ளிகள் என்பது. கோடையில் தண்ணீர் ஊற்றி, பனிக்காலத்தில் சாக்குப் போட்டு மூடிக் காக்கிற செடியின் புள்ளியைக் கொடுத்தால், தோட்டக்காரர்களின் உழைப்பைத் தட்பவெப்பம் என்று அது கற்றுக்கொள்ளும். ‘தப்பியது’ புள்ளிகளை மட்டும் வைத்து ஓட்டலாம், அது எங்கே களையாக மாறும் என்ற கேள்விக்குப் பயன்படும். பூர்வீகம் எது என்ற கேள்விக்கு அல்ல.

வரைதல்

உலகப் படத்துக்கு, உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைகளில் ஈக்வல் எர்த் வீச்சைப் பயன்படுத்தினேன், 2018-இல் வெளிவந்தது, பரப்பளவைச் சிதைக்காது. இணைய வரைபடங்களின் மெர்க்கேட்டர் வீச்சில் போட்டால் நியூசிலாந்து வீங்கி, ஈக்வடார் சுருங்கிப் போகும். இந்தச் செடிக்கு அது நேர்மாறான அநியாயம்.

பூர்வீக எல்லையை வழக்கம்போல் அடர்நிறத்தில் நிரப்பி, சுற்றிக் கோடு போடுவதா என்பதில்தான் அதிகம் யோசித்தேன். நிரப்பினால் அங்கே காடு இருக்கிறது, காட்டில் செடி இருக்கிறது என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். கடைசியில் நிரப்பவில்லை, கோடும் போடவில்லை. தென் அமெரிக்காவில் 1950-க்கு முந்தைய ஹெர்பேரியத் தாள்களை மட்டும் உள்ளீடற்ற வட்டங்களாகப் போட்டேன். கோடு எங்கே ஓட வேண்டும் என்பதைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ளட்டும். பிற்காலப் பதிவுகள் சிறிய சாம்பல் புள்ளிகள். வெளியுலகில் ‘நட்டது’ எதுவும் படத்தில் இல்லை, ‘தப்பியது’ மட்டும் நிறத்தில். குறிவிளக்கத்தில் உள்ளீடற்ற வட்டத்துக்கு எதிரே “பழைய பதிவு, நட்டதா தானாக வந்ததா தெரியாது” என்று எழுதினேன். ‘பூர்வீகம்’ என்ற சொல் படத்தில் எங்கும் இல்லை.

ஓரத்தில் ஒரு சிறு உட்படம் மட்டும் கோடு போட்டது. கொலம்பியாவின் புதுமாயோ பகுதியில், சுமார் 2200 மீட்டர் உயரத்தில் சிபுந்தோய் பள்ளத்தாக்கு. அங்கே காம்சா, இங்கா மக்கள் தலைமுறைகளாகப் பலவகைப் பிரக்மான்சியாக்களை வளர்த்துவருகிறார்கள். அவற்றில் குலேப்ரா என்பது இலையும் பூவும் நாடாபோலக் குறுகிப்போன விசித்திரமான வடிவம். இதைத் தனிப் பேரினம் என்றே கருதி ரிச்சர்ட் எவன்ஸ் ஷூல்டஸ் என்ற தாவரவியலாளர் 1955-இல் விவரித்தார். பிறகு அது ஆரியாவின் ஒரு வளர்ப்பு வடிவம்தான் என்று தெளிந்தது. அதன் பழைய தாள்களெல்லாம் அந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை. சுற்றியுள்ள மலைமுகட்டையே எல்லையாக வைத்து, அடர்நிறத்தில் நிரப்பிவிட்டேன்.